சேப்பாக்கம் எழுந்து நின்ற பிற்பகல்

வெண்ணிப் பறந்தலையில் கரிகால் வளவனும் சேரமான் பெருஞ்சேரலாதனும் பொருத போரைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. வென்றவன் கரிகாலன். அவ்வூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் வெண்ணிக்குயத்தியார், வெற்றி பெற்ற வேந்தனின் முன்னின்று அவனது வலிமையைப் பாராட்டிவிட்டு, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைக் காட்டிலும் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார். வாகை சூடிய மன்னனின் அவையில், தோற்றவனின் பெருமையைப் பேசும் துணிவு அப்பெண்பாற் புலவருக்கு இருந்தது. அதைக் கேட்டுக்கொள்ளும் பக்குவம் அம்மன்னனுக்கும் இருந்திருத்தல் வேண்டும்.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் நினைவு வெண்ணிக்குச் செல்வதில்லை, சேப்பாக்கத்துக்கே செல்கிறது. 1999ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இதே கேள்வியின் மறுபக்கத்திற்கு விடை கூறும் நிலை பல்லாயிரம் மக்களுக்கு ஒரே நேரத்தில் வந்தது. வெண்ணிக்குயத்தியார் தோற்றவனைப் போற்றினார். சேப்பாக்கத்து மக்களோ தாம் தோற்ற நேரத்தில், தம்மைத் தோற்கடித்தவரைப் போற்ற வேண்டியிருந்தது. இரண்டில் எது அரிது என்பதை மாணவர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகிறேன்.

அவ்வாட்டம் நடைபெற்ற சூழலை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1987ஆம் ஆண்டுக்குப் பின்னர் பாகிஸ்தான் அணி டெஸ்ட் பந்தயம் ஆட இந்தியாவுக்கு வரவில்லை. அவ்வாண்டு பெங்களூரில் 16 ஓட்டங்களில் இந்தியா தோற்றதும், கவாஸ்கர் தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தில் 96 ஓட்டங்களில் வீழ்ந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் வருவதாக அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. தில்லியின் பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டனர் சிலர். முதலில் தில்லியிலும் அடுத்துச் சென்னையிலும் நடைபெற வேண்டிய ஆட்டங்கள் அதனால் இடம் மாறின. ஆக, முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது திட்டமிட்டு அன்று. தில்லியில் களம் சிதைக்கப்பட்டதால் வந்தது. பலத்த காவலுக்கிடையே, ஆட்டம் முழுமையாக நடக்குமா என்ற ஐயத்தோடுதான் சனவரி 28ஆம் நாள் அது தொடங்கிற்று.

சேப்பாக்கம் கிரிக்கெட்டுக்குப் புதிய இடம் அன்று. ஆற்காடு நவாபு முகமது அலி வாலாஜாவின் அரண்மனை எழுந்த நிலப்பகுதி அது. 1934இல் முதல் டெஸ்ட் ஆட்டம் அங்கே நடந்தது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் 1952இல் அங்கேதான், இங்கிலாந்துக்கு எதிராக. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய ஆட்டம், வெற்றியும் இன்றித் தோல்வியும் இன்றிச் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றிலேயே அவ்வாறு முடிந்தவை இரண்டே இரண்டு. அதில் கடும் வெப்பத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் குவித்ததைக் கண்ட கண்கள், 1999இலும் அதே அரங்கில் இருந்தன.

எங்கள் கேளம்பாக்கத்திலிருந்து சேப்பாக்கம் தொலைவுதான். எனினும் ஓர் உறவு உண்டு. மைதானத்தின் அருகே ஓடும் பக்கிங்காம் கால்வாய்தான் தெற்கே இறங்கி முட்டுக்காட்டைக் கடந்து எங்கள் உப்பளங்களின் ஓரமாகவும் செல்கிறது. அந்நாளில் பழைய மாமல்லபுரம் சாலை குறுகலானது. இன்றைய உயர்ந்த கட்டடங்கள் எவையும் இல்லை. பொங்கலும் நோன்புப் பெருநாளும் ஒன்றையடுத்து ஒன்று வந்து கழிந்து இரு வாரம்கூட ஆகவில்லை. நான் இளங்கலை மாணவன். சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. உப்பளத் தொழிலாளர், கோவளத்திலிருந்து வரும் மீன் வணிகர், பேருந்துக்குக் காத்திருப்போர், எங்களைப் போன்ற மாணவர் என்று அக்கடையின் இரண்டு விசுப்பலகைகளும் நான்கு நாள்களாக நிரம்பி வழிந்தன. ஒரு தேநீர் வாங்கினால் ஒரு மணி நேரம் அமரலாம் என்பது கடைக்காரர் பாயின் கணக்கு.

ஆட்டத்தின் போக்கைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். முதலில் ஆடிய பாகிஸ்தான் 238 ஓட்டங்கள் எடுத்தது. கும்ப்ளே 6 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இந்தியா 254. பதினாறு ஓட்டங்கள் முன்னணி. அந்த முதல் ஆட்டத்தில் சச்சின் டெண்டுல்கர் மூன்று பந்துகளைச் சந்தித்து ஓட்டம் ஏதுமின்றிச் சக்லைன் முஷ்டாக்கிடம் வீழ்ந்தார். இதை நினைவில் கொள்க. இரண்டாவது ஆட்டத்தில் ஷாகித் அப்ரிடி என்னும் இளைஞர், தமக்கு இரண்டாவதே ஆன டெஸ்ட் பந்தயத்தில், 141 ஓட்டங்கள் குவித்தார். நான்கு விக்கெட் இழப்புக்கு 275 என்று பாகிஸ்தான் மலைபோல் நின்றபோது வெங்கடேஷ் பிரசாத் வந்தார். பதினெட்டுப் பந்துகளில் ஓட்டம் எதுவும் கொடாமல் ஐந்து விக்கெட்டுகள். பாகிஸ்தான் 286 ஓட்டங்களில் சுருண்டது. கடையில் அன்று பாய் எல்லாருக்கும் இலவசமாகத் தேநீர் தந்தார் என்பதை வரலாற்றில் பதிந்தாக வேண்டும்.

வெற்றிக்குத் தேவை 271. நான்காம் நாளில் பிளவுபட்டு நிற்கும் ஆடுகளத்தில் அது எளிய இலக்கன்று. வக்கார் யூனிஸ் தொடக்க ஆட்டக்காரர் இருவரையும் ஆறு ஓட்டங்களுக்குள் அனுப்பிவிட்டார். அவ்விருவருள் ஒருவர் சென்னை மண்ணின் மைந்தர் சடகோபன் ரமேஷ்; அவருக்கு அதுவே முதல் டெஸ்ட். நான்காம் நாள் காலையில் திராவிடை வாசிம் அக்ரம் வீழ்த்திய பந்தைக் கண்டு கடையில் யாரும் பேசவில்லை. அணித்தலைவர் அசாருத்தீன் 7, கங்குலி 2. கங்குலி ஆட்டமிழந்த பந்து தரையைத் தொட்டதோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது. ஐந்து விக்கெட் இழப்புக்கு 82. வேறோர் ஊராயின் அந்த ஒரு தீர்ப்பே கலவரத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அதன்பின் நிகழ்ந்ததை நான் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தொண்டை சற்று அடைத்துக்கொள்ளும். டெண்டுல்கரும் விக்கெட் காப்பாளர் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் எடுத்தனர். இடையிலேயே டெண்டுல்கருக்கு முதுகில் கடுமையான பிடிப்பு. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின் குனிந்து நிமிர்ந்து, வலியோடு ஆடினார். மோங்கியா 52இல் போனார். எண்ணிக்கை 218. அடுத்து வந்த சுனில் ஜோஷியோடு எண்ணிக்கை 254க்கு உயர்ந்தது. இன்னும் பதினேழே ஓட்டங்கள். கையில் நான்கு விக்கெட்டுகள்.

இந்நிலையில் சக்லைன் வீசிய பந்தின் இயல்பை விளக்குதல் தகும். வலக்கையால் விரல்சுழற்றி வீசுபவரின் பந்து, வலக்கை மட்டையாளருக்கு வெளியிலிருந்து உள்நோக்கித் திரும்பும். அதுவே இயற்கை. சக்லைன் அதே கையசைவோடு, பந்தை உள்ளிருந்து வெளியே திருப்பும் கலையைத் தேர்ச்சியாக்கி வைத்திருந்தார். விக்கெட் காப்பாளர் மொயின் கான் பின்னாலிருந்து 'தூஸ்ரா' என்று கூவி அதை வீசச் சொல்வாராம். 'மற்றையது' என்பது அதன் பொருள். அதுவே அப்பந்துக்குப் பெயராய் நிலைத்துவிட்டது. கையைப் பார்த்து இது எந்தப் பந்து என்று பிரித்தறிய வேண்டும். அறியாதவர் பந்து தரையில் பட்ட பின்பே அறிவர், அதற்குள் காலம் கடந்துவிடும். டெண்டுல்கர் அன்று நாள் முழுவதும் அதைப் பிரித்தறிந்தே ஆடினார். வலி மிகுந்தபின், ஓடி ஓட்டம் எடுப்பதைவிட அடித்து முடித்துவிடலாம் என்று துணிந்தார். சில பந்துகள் எல்லைக்குச் சென்றன. பிறகு அந்த ஒரு பந்து. மட்டையின் விளிம்பில் பட்டு மேலெழுந்தது. கீழே நின்றவர் வாசிம் அக்ரம்; நழுவவிடும் கைகள் அல்ல அவருடையவை.

273 பந்துகளில் 136 ஓட்டங்கள். ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம்.

எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் சேர்ந்து நான்கு ஓட்டங்களே சேர்க்க முடிந்தது. கும்ப்ளேயை வாசிம் வீழ்த்தினார். ஜோஷியும் இறுதியாக ஸ்ரீநாத்தும் சக்லைனிடம் வீழ்ந்தனர். 258. பன்னிரண்டு ஓட்டங்களில் பாகிஸ்தான் வென்றது. சக்லைன் இரு ஆட்டங்களிலும் ஐந்தைந்து விக்கெட்டுகள் எடுத்திருந்தார். ஆட்டநாயகன் விருது தோற்ற அணியின் டெண்டுல்கருக்கே அளிக்கப்பட்டது. அவர் அதைப் பெற்றுக்கொள்ள வெளியே வரவில்லை. ஓய்வறையில் அழுதுகொண்டிருந்ததைப் பின்னாளில் அவரே தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி, நான் கூற வந்த செய்தி.

ஸ்ரீநாத்தின் விக்கெட் சரிந்ததும் அரங்கம் ஊமையாயிற்று. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதான நடுவே ஒருவரையொருவர் தழுவிக் குதிக்கும் ஒலிகூடக் கேட்டிருக்கும். தொலைக்காட்சியில் அம்மௌனத்தை நாங்களும் கேட்டோம். சில நொடிகள் கழித்து ஒரு மூலையில் கைதட்டல் எழுந்தது. பின்னர் மற்றொரு பகுதி. பின் அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. வாசிம் அக்ரம் ஒரு கணம் திகைத்திருக்க வேண்டும். பிறகு தம் அணியினரைத் திரட்டிக்கொண்டு மைதானத்தை வலம்வந்தார். அவர்கள் ஒவ்வொரு பகுதியைக் கடக்கும்போதும் அங்கிருந்த மக்கள் கைதட்டி வரவேற்றனர். அவ்வணியில் ஆடியவர்களும் பயிற்சியாளராய் இருந்த ஜாவேத் மியாந்தாதும் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சென்னையைப் பற்றிப் பேசியபோதெல்லாம் அந்த வலத்தைக் குறிப்பிடாமல் விட்டதில்லை எனலாம்.

எங்கள் கடையில் நிகழ்ந்தது சிறியது. நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். சக்லைனின் அந்தப் பந்து எத்தகைய பந்து என்பது எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மனம் துடித்தது. ஆனால் சொல்லவில்லை. என் பெயரைக் கொண்டவன் ஒருவன் பாகிஸ்தான் வீச்சாளனைப் பாராட்டினால் அது கிரிக்கெட்டாக எடுத்துக்கொள்ளப்படாது என்பதை யாரும் எனக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. இந்தியா வென்றால் உரக்கக் கூவ வேண்டும். தோற்றால் பிறரைவிட அதிகம் வருந்தியதாகக் காட்ட வேண்டும். இத்தனைக்கும் என் வருத்தம் உண்மையானது. சச்சின் வீழ்ந்த கணத்தில் என் கண் கலங்கியது. அந்த உண்மையான வருத்தத்தையும் காட்சிப்பொருளாக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. பாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அரங்கம் எழுந்து நிற்பது திரையில் தெரிந்தபோது, உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த முதியவர் ஒருவர் பலகையிலிருந்து எழுந்தார். உப்பேறி வெடித்த உள்ளங்கைகள் அவருடையவை. அவற்றைச் சேர்த்து மெதுவாகத் தட்டினார். திரும்பி என்னைப் பார்த்து, "என்னா தம்பி சும்மா நிக்கிற? அந்தப் பையன் எம்மாம் நல்லா போட்டான்! தட்டு" என்றார். தட்டினேன். பாய் ஈரக் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து அவரும் தட்டினார். பிறகு மூவரும் சச்சினுக்காக வெகுநேரம் வருந்தினோம். இரண்டும் ஒரே மனத்துக்குள் இடித்துக்கொள்ளாமல் இருந்தன.

அவ்வணிகளின் அமைப்பையே பாருங்கள். இந்திய அணிக்குத் தலைவர் முகமது அசாருத்தீன். பாகிஸ்தானுக்காக முதல் ஆட்டத்தில் 53 ஓட்டங்கள் எடுத்த யூசுப் யொஹானா அப்போது கிறித்தவர். ஆட்டத்தை மதப்போராக்க விரும்பியவர்களுக்கு இச்சிறு உண்மைகள் எல்லாம் கண்ணில் படுவதில்லை.

சென்னை மக்கள் ஏன் எழுந்து நின்றனர்? பெருந்தன்மை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. பெருந்தன்மை வானத்திலிருந்து விழுவதில்லை; பயிற்சியால் வருவது. 1997 மே 21ஆம் நாள் இதே அரங்கில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் ஒருநாள் ஆட்டத்தில் 194 ஓட்டங்கள் எடுத்து அந்நாளைய உலகச் சாதனை படைத்தபோதும் மக்கள் கைதட்டியே வழியனுப்பினர். அதற்கும் முன், வானொலி உண்டு. தமிழில் கிரிக்கெட்டை வர்ணித்த அப்துல் ஜப்பார், கூத்தபிரான், இராமமூர்த்தி போன்றோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர் நாம். 'ஓட்டம்', 'பந்து வீச்சு' போன்ற சொற்களைச் சிற்றூர்களின் நாவில் புழங்கச் செய்தவர்கள் அவர்கள். நல்ல வர்ணனையாளர் எதிரணியின் நல்ல பந்தையும் நல்ல பந்தென்றே கூறுவார். இல்லையெனில் கண்ணால் காணாத நேயருக்கு ஆட்டம் விளங்காது. காணாதவருக்கு உண்மை சொல்லும் அக்கடமையில் ஒரு நடுவுநிலைமை தானே வந்து அமர்கிறது. அதைக் காதால் கேட்டுக் கேட்டுத் தமிழ் ரசிகரும் கற்றனர் என்பது என் துணிபு. தமிழ்த்துறையார் இதனை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம்.

மற்றொன்றும் உண்டு. நான்கு நாள் ஒருவரோடு ஒரே வெயிலில் இருந்துவிட்டால் அவர் அயலார் அல்லர். அப்ரிடியின் சிரிப்பும், மொயின் கானின் ஓயாத கூவலும், வாசிம் நெற்றி வியர்வையை வழித்தெறியும் விதமும் மக்களுக்குப் பழகிவிட்டன. மூன்று மணி நேரத்தில் முடியும் இருபது ஓவர் ஆட்டத்தில் இதற்கு இடமில்லை.

எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழ்ந்துவிடவில்லை. சில நாள் கழித்துத் தில்லியில் கும்ப்ளே ஒரே ஆட்டத்தில் பத்து விக்கெட்டுகளையும் எடுத்து இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தார். பிப்ரவரியில் கொல்கத்தாவில் நடந்த ஆசிய டெஸ்ட் வாகையர் ஆட்டத்தில், சோயிப் அக்தர்மீது மோதி டெண்டுல்கர் ஓட்டமிழப்பில் வெளியேற்றப்பட்டதால் பெருங்குழப்பம் விளைந்தது. இறுதியில் மக்களை வெளியேற்றிவிட்டு, ஏறத்தாழ வெறுமையான அரங்கில் ஆட்டம் முடிந்தது. கொல்கத்தா மக்களை இழித்துரைப்பது என் நோக்கமன்று. கிரிக்கெட்டை அவர்களைப்போல் நேசிப்பவர் குறைவு. அங்கே எழுந்த ஐயமும் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. நேசம் மிகுந்த இடத்தில் தாங்கும் ஆற்றலும் மிகுந்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை, அவ்வளவே. அதே பிப்ரவரியில்தான் பிரதமர் வாஜ்பாய் லாகூருக்குப் பேருந்தில் சென்றார். மே மாதம் கார்கில் மூண்டது. சேப்பாக்கத்துக் கைதட்டல் போரைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று எவரும் அன்று எண்ணித் தட்டவுமில்லை.

அதன் பின்னர் இவ்விரு நாடுகளும் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடவே இல்லை. 2007ஆம் ஆண்டுக்குப் பின் எவ்விடத்திலும் ஆடவில்லை. 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்த சில வாரங்களில், அதே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 387 ஓட்டங்கள் என்னும் இலக்கை இந்தியா எட்டிப்பிடித்தது. ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்களோடு நின்றவர் டெண்டுல்கர். பத்தாண்டுக்கு முன் பதினேழு ஓட்டங்களில் அறுந்துபோன நூலை அவர் அங்கேயே முடிச்சிட்டார் என்று பேசிக்கொண்டோம். 2023 அக்டோபர் 23ஆம் நாள் உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் அணி பாகிஸ்தானை எட்டு விக்கெட் வேறுபாட்டில் வென்றதும் சேப்பாக்கத்தில்தான். இம்முறை வலம்வந்தவர் ஆப்கானியர். இரண்டு அணிகளில் எதுவும் நம் அணி அன்று. எனினும் கைதட்டல் குறையவில்லை.

கேளம்பாக்கத்துத் தேநீர்க் கடை சாலை விரிவாக்கத்தில் போய்விட்டது. பாய் இப்போது பேரனின் கைப்பேசிக் கடை வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரைக் காண்பேன். நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு அந்தப் பந்துக்கே வந்து சேரும். "அதத் தூக்கி அடிக்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம் வாத்தியாரே" என்பார். முதுகு அப்படி வலிக்கையில் அவர் எவ்வளவு நேரம்தான் நிற்பார் என்பேன் நான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வழக்கு எங்களுக்குள் தீர்ந்தபாடில்லை.